பூட்டும் பொக்கிஷமும்

திண்டுக்கல்காரன் பூட்டைக் குறை சொன்னால் ஊருக்குள் தலை காட்ட முடியாது. அது தெரிந்தும் சொல்லத் துணிந்துவிட்டேன்.

எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே மார் தட்டிக்கொண்டது; நானும் தட்டிக்கொண்டேன். தட்டிக்கொள்ள வேண்டிய விஷயந்தான். இரும்புத் தகட்டையும் அரத்தையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் சாவி மற்றொன்றுக்குச் சேராதபடி பூட்டுச் செய்கிறவன் சாமானியனா? மாங்காய்ப் பூட்டு இருக்கிறது. சாவியைத் திருப்பும்போதே மணி அடித்து வீட்டாரை எழுப்புகிற பூட்டு இருக்கிறது. கோயில் கதவுக்கென்றே செய்கிற பூட்டைக் கையில் வாங்கினால் கைக்குழந்தையை வாங்கியது போலக் கனக்கும். இந்தத் தொழிலுக்கு நான் விரோதியல்ல. அந்தப் பூட்டைக் கொண்டுபோய் எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை. அந்தச் சண்டை எனக்குள் மூண்ட இடம் திண்டுக்கல் அல்ல, ஏதென்ஸ்.

என் மகள் ஜெர்மனியில் வேலையாக இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது, "கதை எழுதுகிறவர் கிரேக்க தேசத்தைப் பார்க்காமல் திரும்பலாமாப்பா?" என்று ஏதென்ஸுக்கு அழைத்துப் போனாள். நகரத்தின் நடுவில் அக்ரோபோலிஸ் பாறையைக் கண்டதும், "இது நம்ம ஊர் மலைதானேம்மா!" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். "ஆரம்பிச்சுட்டீங்களா!" என்று அவள் சிரித்தாள்.

சிரிக்கட்டும். ஆனால் நான் சொன்னது பொய்யல்ல. சமவெளியில் திடீரென்று எழுந்து நிற்கிற மொட்டைப் பாறை; மேலே கோட்டை; கோட்டைக்குள் கோயில். எங்கள் மலைமேல் 1605-இல் மதுரை நாயக்கர்கள் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். பிறகு ஹைதர் அலி அதை ஆண்டார். 1790-இல் கும்பினிப் படை பிடித்துக்கொண்டது. அங்கே ஏதென்ஸிலும் அதே கதைதான். பார்த்தினான் கோயிலைத் துருக்கியர்கள் வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்தார்கள். 1687-இல் வெனிஸ் நகரத்துப் படை வீசிய குண்டு அதில் விழுந்து, கோயிலின் நடுப்பாகம் சிதறிப்போயிற்று. எங்கள் மலைக்கோயிலின் கருவறை இன்று வெறுமையாக இருக்கிறது. மலைமேல் இருந்த அம்பாளும் சுவாமியும் அடிவாரத்து ஊர்க் கோயிலுக்கு இறங்கிவிட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு பாறையிலும் கோயில் உண்டு. இரண்டிலும் சாமி இல்லை.

ஒற்றுமை அத்தோடு சரி. வேற்றுமை அந்தப் பாறையின் அடிவாரத்தில் இருக்கிறது. 2009-இல் அங்கே ஒரு காட்சிசாலையைத் திறந்தார்கள்.

கண்ணாடித் தரை. காலுக்குக் கீழே, தோண்டியெடுத்த பழைய ஏதென்ஸின் தெருக்களும் வீடுகளும் தெரிகின்றன. மேல் மாடியை மட்டும் கீழ்த் தளங்களோடு சேராமல் கொஞ்சம் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். என்ன இது கோணல் என்று முதலில் நினைத்தேன். கண்ணாடிச் சுவரின் வழியே மலையைப் பார்த்தபோது புரிந்தது. பார்த்தினான் எந்தத் திசை பார்த்து நிற்கிறதோ, அந்தத் திசைக்கே மாடியைத் திருப்பியிருக்கிறார்கள். கோயிலின் மேல்சுவரைச் சுற்றி ஓடிய சிற்ப வரிசை இங்கேயும் அதே முறையில், அதே அளவில் சுற்றி வருகிறது.

அந்தச் சிற்ப வரிசையின் நீளம் 160 மீட்டர். அதில் செதுக்கியிருப்பது ஓர் ஊர்வலம். குதிரை வீரர்கள், தண்ணீர்க் குடம் சுமப்பவர்கள், பலிக்கு ஓட்டிச் செல்லும் மாடுகள், பெண்கள், முதியவர்கள். அதீனா என்னும் அம்மனுக்குப் புது ஆடை சாத்த ஊரே திரண்டு போகிற காட்சி அது என்பது அறிஞர்கள் பலருடைய முடிவு. திண்டுக்கல்காரனுக்கு இதை விளக்க வேறு பண்டிதர் வேண்டுமா? அம்மனுக்குப் புடவை எடுத்துக்கொண்டு மேளதாளத்தோடு போகிறார்கள். அவ்வளவுதான்.

இந்த 160 மீட்டரில் ஏறக்குறைய 50 மீட்டர் ஏதென்ஸில் இருக்கிறது. ஏறக்குறைய 80 மீட்டர் லண்டனில் இருக்கிறது. 1801-இல் தொடங்கி, எல்ஜின் என்ற பிரபுவின் ஆட்கள் பெயர்த்தும் அறுத்தும் கப்பலேற்றினார்கள். 1816-இல் பிரிட்டிஷ் சர்க்கார் அவற்றை 35,000 பவுனுக்கு வாங்கிக்கொண்டது. லண்டனில் உள்ள துண்டுகளுக்குப் பதிலாக ஏதென்ஸில் சுண்ணாம்பு அச்சுகளைப் பதித்திருக்கிறார்கள். தேன் நிறத்தில் பழங்கல். பக்கத்திலேயே வெள்ளை வெளேரென்று அச்சு. எது தன்னுடையது, எது இன்னும் வரவில்லை என்பதைச் சுவரே சொல்கிறது.

கீழ்த் தளத்தில் தூண்களாக நின்ற பெண் சிலைகள் இருக்கின்றன. மொத்தம் ஆறு பேர். ஐந்து பேர் நிற்கிறார்கள். ஆறாமவளை எல்ஜின் கொண்டுபோய்விட்டார்; அவளுடைய இடத்தைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் போன அன்று ஏழெட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் குழந்தை ஐந்து பேரை வரைந்துவிட்டு, ஆறாவது இடத்தில் ஒரு கட்டம் மட்டும் போட்டு விட்டிருந்தாள்.

அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் என் அம்மாவின் நினைவு வந்தது. இங்கேதான் நான் என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

வேடசந்தூர் போகிற சாலையில், குடகனாற்றுப் பக்கம் எங்கள் சொந்த ஊர். வெங்காயக் காடும், தண்ணீர் இருக்கிற வருஷத்தில் கொஞ்சம் நெல்லும் உள்ள ஊர். அங்கே சின்னதாக ஒரு சிவன் கோயில். அதில் அம்பாளின் உற்சவத் திருமேனி ஒன்று இருந்தது. ஒன்றரை முழ உயரம். ஆடிப்பூரத்தன்று அம்பாளுக்கு வளைகாப்பு. பெண்கள் ஆளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் கொண்டுவந்து சாத்துவார்கள்; அம்மாவும் சாத்துவாள். சாத்திய வளையலை மறுநாள் பிள்ளைத்தாய்ச்சிகள் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். நான் வயிற்றில் இருந்தபோது போட்ட வளையலில் ஒன்றை அம்மா கடைசி வரைக்கும் அரிசிப் பானையில் வைத்திருந்தாள்.

பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில் திருட்டுப் போயிற்று. அதன்பின் அதிகாரிகள் எங்கள் ஊருக்கும் வந்தார்கள். "பாதுகாப்புக்காக" என்றார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதை நான் பார்த்திருக்கிறேன். "உலோகச் சிலை - பெண் - 1" என்று எழுதியிருந்தது. ஊருக்கெல்லாம் வளைகாப்புக் கண்டவளுக்குச் சர்க்கார் கொடுத்த பெயர் அது!

அதன்பின் ஒவ்வோர் ஆடிப்பூரத்துக்கும் அம்மா வெறும் பீடத்தில் வளையலை அடுக்கி வைப்பாள். ஒரு தடவை அழைத்துப் போய்க் காட்டிவிடலாம் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு, திருமேனிகளை வைத்திருந்த காப்பகத்துக்குப் போனேன். பார்க்க அனுமதி இல்லை என்றார்கள். மனுக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன், பதில் வரவில்லை. அன்று நாங்கள் பார்த்ததெல்லாம் ஒரு கதவும் அதில் தொங்கிய பூட்டும்தான். அம்மா அந்தப் பூட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நம்ம ஊர்ப் பூட்டுடா" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். ஆமாம், நம் ஊர்ப் பூட்டுத்தான்.

அம்மா இப்போது இல்லை. ரசீது என்னிடம் இருக்கிறது.

இது என் வீட்டுப் புலம்பல் மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான திருமேனிகள் இப்படித் தங்கள் ஊரை விட்டுப் பாதுகாப்பு மையங்களுக்குப் போயிருக்கின்றன. கடல் கடந்து போய்த் திரும்பியவற்றின் கதையும் அதுவேதான்.

தஞ்சைப் பக்கத்துப் பத்தூரில் 1976-இல் ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் தட்டுப்பட்டார் ஒரு நடராஜர். கை மாறிக் கை மாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். போலீசார் அவரைக் கைப்பற்றினார்கள், வழக்கு நடந்தது. இடிந்து கிடந்த அந்தக் கோயிலையும் ஒரு வாதியாக லண்டன் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991-இல் நாம் ஜெயித்தோம். உலகம் வியந்த வழக்கு! நடராஜர் நாடு திரும்பினார். ஆனால் ஊர் திரும்பவில்லை. திருவாரூர்க் காப்பகத்துக்குப் போனார். அரியலூர்ப் பக்கத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. திருட்டுச் சொத்து என்று தெரிந்தபின் 2014-இல் அந்த நாட்டுப் பிரதமரே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் கும்பகோணத்தில் ஒரு காப்பகத்தில் குடிவைக்கப்பட்டார்.

இந்தச் செய்திகள் வரும்போதெல்லாம் நாம் என்ன செய்கிறோம்? கைப்பேசியில் படத்தை நாலு பேருக்கு அனுப்புகிறோம். "தமிழன் பெருமை!" என்று எழுதுகிறோம். விமான நிலையத்தில் மாலை போட்டதோடு நம் பக்தி முடிந்துவிடுகிறது. அந்தச் சாமி பிறகு எங்கே போனார் என்று எத்தனை பேர் கேட்டோம்? நானும் என் வீட்டு அம்பாளைப் பற்றித்தான் கேட்டேனே தவிர, பத்தூர்க்காரன் தன் நடராஜரைப் பார்த்தானா என்று கேட்டதில்லை. குற்றவாளிக் கூண்டில் எனக்கும் இடம் உண்டு.

"திருடன் வருவானே, என்ன செய்வது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. திருட்டு கற்பனையல்ல. சிவபுரத்து நடராஜரை 1950-களில் பழுது பார்க்கக் கொடுத்து, அசலை இழந்து போலியைத் திரும்பப் பெற்றோம். அசல் அமெரிக்கா போய் 1986-இல்தான் வந்தது. ஆகையால் விக்கிரகத்தைத் திறந்த வெளியில் போட்டுவிட்டுத் தூங்கப் போகச் சொல்கிற அசடன் அல்ல நான்.

ஆனால் ஸ்ரீபுரந்தானில் நடந்ததைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அங்கே கோயில் பூட்டித்தான் கிடந்தது. பூசை நின்று, ஜனங்கள் வருவது நின்று, கதவு சாத்தியே கிடந்தது. 2008-இல் திறந்து பார்த்தபோதுதான் உள்ளே சிலைகள் இல்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. அதற்குள் அவை கடலைத் தாண்டியாயிற்று. பூட்டு திருடனைத் தடுக்கவில்லை, திருட்டை மறைத்தது! தினமும் ஒரு கிழவி விளக்குப் போட வருகிற கோயிலாக இருந்தால், மறுநாள் காலையிலேயே கூச்சல் கிளம்பியிருக்காதா?

எதனால் திருடர்களைப் பிடித்தோம் என்றும் பாருங்கள். அனந்தமங்கலத்து ராமர், லட்சுமணர், சீதை 1978-இல் களவு போனார்கள். 2020-இல் லண்டனிலிருந்து திரும்பினார்கள். அடையாளம் காட்டியது எது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1958-இல் எடுத்து வைத்திருந்த புகைப்படம். யாரோ வந்து, பார்த்து, படமெடுத்து, பெயரெழுதி வைத்ததுதான் அறுபது ஆண்டுக்குப் பிறகு காப்பாற்றியது. "உலோகச் சிலை - பெண் - 1" என்று எழுதி வைத்தால் எந்த நீதிமன்றத்தில் போய் என் அம்பாளை அடையாளம் காட்டுவேன்?

இப்போது என் சண்டையின் மையத்துக்கு வருகிறேன். லண்டன்காரர் இருநூறு ஆண்டுகளாக ஏதென்ஸுக்குச் சொல்லி வந்த பதில் என்ன? "உங்களிடம் இருந்தால் கெட்டுப்போகும், எங்களிடம் பத்திரமாக இருக்கிறது." அந்தப் பத்திரத்தின் லட்சணம், 1937-38-இல் கற்களை வெளுப்பாக்குகிறேன் என்று செப்புக் கருவிகளால் மேற்பரப்பையே சுரண்டிவிட்டார்கள்! இந்தப் பதிலைக் கேட்டால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆனால் குடகனாற்றங்கரைக் கிராமத்துக்கு நாம் சொல்லுகிற பதில் என்ன? "உங்களிடம் இருந்தால் களவு போகும், எங்களிடம் பத்திரமாக இருக்கிறது." சொல்லுக்குச் சொல் அதுவேதான்! ஒரு வித்தியாசம் உண்டு. லண்டன்காரர் கொண்டுபோனதைக் கூடத்தில் வைத்தார். கட்டணமில்லாமல் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். நாமோ பார்க்கவும் விடுவதில்லை. எல்ஜினைத் திட்டுகிற யோக்கியதை நமக்கு எங்கிருந்து வந்தது?

கிரேக்கர்கள் என்ன செய்தார்கள்? திட்டிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. முதலில் வீட்டைக் கட்டினார்கள். ஊர் முழுவதும், உலகம் முழுவதும் வந்து பார்க்கும்படி கட்டினார்கள். அங்கேயும் சிலைகள் மலைமேல் இல்லை என்பது உண்மை. நகரத்துப் புகை கல்லை அரிக்கிறது என்று அந்தப் பெண்களைக் கீழே இறக்கி, மலைமேல் பிரதிகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் இறக்கியவர்களை இருட்டறையில் போடவில்லை. 2022-இல் சிசிலித் தீவிலிருந்தும் 2023-இல் வாட்டிகனிலிருந்தும் பார்த்தினானின் சில துண்டுகள் வந்தன. ஒரு குதிரைத் தலை, ஒரு சிறுவன் தலை போன்ற சின்னத் துண்டுகள். வந்தவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். பெட்டியில் போட்டுப் பூட்டவில்லை.

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை, மூன்றே மூன்று.

ஒன்று: காவலுக்கு ஆள் வைக்கக்கூடிய கோயிலுக்குத் திருமேனி திரும்ப வேண்டும். விளக்கேற்ற ஒருவரும் காவலுக்கு ஒருவரும் சம்பளத்துக்கு வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு சிலையை வெளிநாட்டில் வழக்காடி மீட்பதற்கு ஆகும் செலவில் எத்தனை பங்கு இருக்கும்?

இரண்டு: திரும்ப முடியாதவற்றை அறையில் அடைக்காமல் மாவட்டந்தோறும் ஒரு நல்ல கூடத்தில், கண்ணாடிக்குள், கனமான காவலோடு வையுங்கள். கீழே ஊரின் பெயரை எழுதுங்கள். ஊர்க்காரன் வந்தால் டிக்கெட் கேட்காதீர்கள், அவன் சொந்தக்காரன். வருஷத்தில் ஒரு நாள், அதனதன் திருவிழாவுக்கு, போலீஸ் துணையோடு ஊருக்கு அனுப்புங்கள். அன்று ஊர்வலம் போகட்டும்.

மூன்று: திருமேனி இல்லாத பீடத்துக்கு மேலே அதன் புகைப்படத்தை மாட்டி, எங்கே இருக்கிறது, எந்த ஆண்டு போயிற்று என்று தமிழில் எழுதுங்கள். ஏதென்ஸில் ஆறாமவள் இடத்தைக் காலியாக விட்டிருப்பது போல நாமும் நம் வெறுமையை மறைக்காமல் காட்டுவோம். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சொன்னால் சிலருக்குக் கசக்கும். சென்னை எழும்பூர்க் காட்சிசாலையில் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம். கிருஷ்ணா நதிக்கரையின் பௌத்த ஸ்தூபத்திலிருந்து வந்த கற்கள் அவை. 1845-இல் அங்கே அகழ்ந்தவர் வால்ட்டர் எலியட். அவர் சென்னைக்கு அனுப்பியவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை 1859-இல் லண்டனுக்குப் போயின. அவற்றை "எலியட் மார்பிள்" என்றே அழைத்தார்கள். எல்ஜினுக்குத் தம்பி போல! லண்டனில் இருப்பதைக் கேட்கும் ஆந்திரத்துக்காரர் நாளை எழும்பூரில் இருப்பதையும் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "எங்களிடம் பத்திரமாக இருக்கிறது" என்போமா? அந்தப் பதிலை இப்போதே யோசித்து வைப்பது நல்லது. கேட்கிற கை சுத்தமாக இருந்தால்தான் கேள்விக்கு மதிப்பு.

ஊர் திரும்பியதும், நாகல் நகர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த பூட்டு ஆசாரி ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். நாற்பது வருஷமாக அரம் பிடித்த கை. கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் செய்துகொண்டிருந்த பூட்டை மடியில் வைத்துக்கொண்டு, "பூட்டு எதுக்குங்க? வீட்டுக்காரன் வெளியே போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும்தானே? வந்தப்புறமும் பூட்டியே வச்சிருந்தா, யாருக்குங்க பயந்துக்கிட்டு?" என்றார்.

ஆடிப்பூரம் வரப்போகிறது. இந்த வருஷமும் ஒரு மனு எழுதியிருக்கிறேன். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். "உலோகச் சிலை - பெண் - 1" என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் அம்பாளின் பெயரை எழுதி, கீழே ஊர்ப் பெண்கள் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஒரு நாள் அனுப்பினால் போதும். சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்து விடுகிறோம் என்று எழுதியிருக்கிறேன். வளையல் வாங்கியாயிற்று.